சீர்ப்பையில் வந்த பாட்டில்

மூன்று நிமிஷம். மாதா கோவிலில் வலது பக்கத் தூணுக்குப் பின்னால், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குகிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் என் வீட்டுக்காரர் முட்டி போட்டதிலிருந்து, எழுந்து சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டது வரைக்கும் மூன்றே மூன்று நிமிஷம். பெண்கள் பக்கம் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் இடது மணிக்கட்டு உடைந்து, ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்துத் தைத்து, ஒரு டம்ளரை அந்தக் கையால் தூக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. உடைத்த மனுஷனுக்கு மூன்று நிமிஷத்தில் பாவம் போய்விட்டது. வயிறு எரியுமா எரியாதா?

அவர் செஞ்சியில் வேன் ஓட்டுகிறார். கல்யாண டிரிப், கோட்டை பார்க்க வருகிறவர்கள், அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் கோவிலுக்குப் போகிற கூட்டம். நான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் தள்ளுவண்டியில் இட்லி போடுகிறேன். எங்கள் ஊர் செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகிற வழியில், பஸ்ஸில் இருபது நிமிஷம். ஊரில் பாதிப் பேர் வேதக்காரர்கள், ஊருக்கு நடுவில் மாதா கோவில். கார்த்திகை மாதத்தில் ஒரு சாயந்தரம், குடித்துவிட்டு வந்தவரிடம் சாவியைக் கொடு, இன்றைக்கு வண்டி எடுக்காதே என்று கையை நீட்டினேன். தள்ளினார். கிரைண்டர் மேல் விழுந்தேன். சத்தம் எனக்கே கேட்டது.

தள்ளினதுதானே, அடிக்கலையே என்று என் மாமியார் வீட்டுப் பக்கம் ஆள் ஆளுக்குச் சொன்னார்கள். என்னமோ தள்ளினால் எலும்பு வேறு மாதிரி உடையும் போல! கட்டுப் போட்ட கையோடு இருக்கிறவளிடம் வந்து உட்கார்ந்து, காபியும் வாங்கிக் குடித்துவிட்டு இந்த வியாக்கியானம். வாயில் வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு டம்ளரை ஒற்றைக் கையால் கழுவினேன்.

அப்புறம் தபசு காலம் வந்தது. ஈஸ்டருக்கு முன்னால் நாற்பது நாள். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. விபூதி புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்ட கையோடு ஆம்பிளைகள் ஊதாக் கயிறு ஒன்றை இடது மணிக்கட்டில் கட்டிக்கொள்வார்கள். கயிறு இருக்கிற வரைக்கும் குடி கிடையாது, கறி கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. ஈஸ்டர் அன்று காலைப் பூசை முடிந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கோவில் கொடிமரத்தில் கட்டிவிட்டு வருவார்கள். அவ்வளவுதான், பத்து மணிக்கெல்லாம் ஏரிக்கரையில் பாட்டில் திறந்துவிடும். ஆண்டவர் உயிர்த்தெழுந்தாரே, அதற்குக் கொண்டாட்டமாம். அன்றைக்குச் சாயந்தரம் எங்கள் தெருவில் எந்த வீட்டுப் பொம்பளையும் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. நாற்பது நாள் முடிகிறவனுக்கு நாற்பத்தோராம் நாள் ஏன் முடியாது என்று நான் கேட்காத ஆள் இல்லை.

அந்தத் தபசு காலத்தில்தான் அவர் பாவசங்கீர்த்தனம் செய்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அந்தத் தொட்டிப் பக்கம் போய் நான் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வந்தார். அடுப்படி வாசலில் நின்றார். முகம் என்னமோ கழுவி விட்ட மாதிரி இருந்தது.

"சாமி மன்னிச்சிட்டாரு," என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு ஆத்திரம். "உடைஞ்சது சாமி கையாய்யா? போ, போய் வேலையப் பாரு!" என்றேன்.

அவர் வாயைத் திறந்தார், மூடினார். வெளியே போய் வேனைக் கழுவ ஆரம்பித்தார். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன்.

அதோடு விடுகிற ஆளா நான்? ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியாரையே பிடித்துக்கொண்டேன். வயசில் என்னைவிடச் சின்னவர், நல்ல மனுஷன்.

"சாமி, ஒண்ணு கேக்கணும். அடிபட்டவ நானு. என்னை ஒரு வார்த்தை கேக்காம நீங்க எப்பிடி மன்னிச்சீங்க?"

அவர் கைகூப்பினார். "அந்தத் தொட்டியில பேசினதப் பத்தி நான் வாய தெறக்கக் கூடாதும்மா. உங்க வீட்டுக்காரர்கிட்டயே கேளுங்க."

பாருங்கள் நியாயத்தை! அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு ரகசியம், அந்த ரகசியத்துக்குள்ளே என் கை. அவரிடமே கேட்க வேண்டுமாம். நான் எதற்குக் கேட்கிறேன்? கேட்கவில்லை.

ஈஸ்டர் வந்தது. பூசை முடிந்து ஆம்பிளைகள் எல்லாம் கொடிமரத்தைச் சுற்றி நின்று கயிறு அவிழ்த்துக் கட்டினார்கள். என் வீட்டுக்காரர் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு நின்றார்.

"இன்னாடா, ஆண்டவரே எழுந்துட்டாரு, நீ இன்னும் கல்லறையிலயே கெடக்கறியா? அவுருடா!" என்று அவர் கூட்டாளி ஒருத்தன் கையைப் பிடித்து இழுத்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

"எனக்கு இன்னும் முடியல. நீங்க போங்க," என்றார்.

நேராக வீட்டுக்கு வந்து, நான் போட்ட இட்லியைத் தின்றுவிட்டுப் பாயில் படுத்துக்கொண்டார். ஏரிக்கரையிலிருந்து இரண்டு தரம் ஆள் வந்து கூப்பிட்டது. போகவில்லை. தெருவில் மற்றப் பொம்பளைகள் என்னைப் பார்த்து, "உனக்கென்னா, குடுத்து வச்சவ," என்றார்கள்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் இல்லையா? அதுதான் இல்லை. மனசாரச் சொல்கிறேன், எனக்கு அன்றைக்கு வந்த கோபம் அவர் தள்ளின அன்றைக்குக்கூட வரவில்லை. இவ்வளவுதானா? ஒரு முழக் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாயில் படுத்துக்கொண்டால் நின்றுவிடுமா இந்தக் குடி? இவ்வளவு சுலபமாக நிறுத்த முடியும் என்றால் கார்த்திகையிலேயே நிறுத்தியிருக்கலாமே! என் கை எதற்காக உடைந்தது? ஊரெல்லாம் அவரைத் தட்டிக்கொடுக்கிறது, சாமியார் மன்னித்தாயிற்று, கடவுளும் மன்னித்தாயிற்று. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறவள் நான் ஒருத்திதான். கடைசியில் கெட்டவள் யார் என்றால் நானாம்.

அன்றைக்கு மத்தியானம் என் அண்ணன் சீர் கொண்டு வந்தான். ஈஸ்டருக்குத் தங்கை வீட்டுக்குப் புடவை, வேட்டி, கறி, வாழைப்பழம் எல்லாம் பையில் போட்டு எடுத்து வருவது எங்கள் பக்கத்து முறை. பையை நான் பிரிக்கும்போது வேட்டிக்கு அடியில் பேப்பரில் சுருட்டி ஒரு ஆஃப் பாட்டில்.

"இன்னாண்ணா இது?"

"மாப்ளைக்கு. நாப்பது நாளு காஞ்சி போயி கெடப்பாரு இல்ல."

"அவரு நிறுத்திட்டாரு."

அண்ணன் சிரித்தான் பாருங்கள், ஒரு சிரிப்பு. "ஆமா, நிறுத்திட்டாரு. நீயும் நம்பு. வச்சிரு, தேவைப்படும்."

இவன் யார்? என் கை உடைந்தபோது, அவனை வெட்டிப் போடுகிறேன் என்று ஆஸ்பத்திரி வாசலில் குதித்தவன். அதே மாப்பிள்ளைக்கு அதே சரக்கைப் பேப்பரில் சுருட்டி என் கையிலேயே கொடுக்கிறான். மரியாதையாம்! வெறும் வேட்டி மட்டும் கொடுத்தால் மாப்பிள்ளைக்குக் குறைச்சலாம். அங்கேயே சாக்கடையில் ஊற்றியிருக்க வேண்டும். அண்ணன் முகத்துக்கு நேராக ஊற்றியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன்.

இரண்டு வாரம் அது அங்கே இருந்தது. அரிசி எடுக்கப் போகும்போதெல்லாம் பேப்பர் கண்ணில் படும். அவருக்குத் தெரியாது. கயிறு கையில், காலையில் போகிறார், சாயந்தரம் வருகிறார், சாப்பிடுகிறார். என்னிடம் ஏதோ சொல்ல வருகிற மாதிரி நிற்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். சாயந்தரம் இரண்டு பேரும் படத்துக்கு முன்னால் முட்டி போட்டுப் பரலோக மந்திரம் சொல்வோம். பிறர் குற்றத்தை நாங்கள் பொறுக்கிற மாதிரி என்று வருகிற இடத்தில் என் குரல் இறங்கிவிடும். சோதனையில் எங்களை விடாதே என்கிற இடத்தில் அவர் குரல் ஏறும். அவர் ஏறுவதைக் கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக வந்தது. பெரிய பரிசுத்தவான்!

சித்திரை அமாவாசை வந்தது. அமாவாசை என்றால் அவருக்கு ராத்திரி முழுக்கச் செஞ்சிக்கும் மேல்மலையனூருக்கும் டிரிப். விடிந்த பிறகுதான் வருவார், உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல. முன்பெல்லாம் அந்தக் காலையில்தான் அவருக்கு முதல் வாய் உள்ளே போகும். குடிக்காத அமாவாசை மறுநாள் என்று ஒன்று நான் பார்த்ததில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அன்று காலை நான் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் பாட்டிலை எடுத்தேன். பேப்பரை உரித்தேன். ஜன்னல் பக்கம் அவர் துண்டும் சேவிங் செட்டும் வைக்கிற பலகையில், வந்ததும் கை போகிற இடத்தில், நடுவாக வைத்தேன். குடிக்கட்டும். குடித்துவிட்டுக் கிடக்கட்டும். அப்புறம் அந்தச் சாமியாரைக் கையோடு கூட்டி வந்து, இதோ பாருங்கள் சாமி, நீங்கள் மூன்று நிமிஷத்தில் மன்னித்த ஆள் என்று காட்ட வேண்டும். பஸ்ஸில் போகும்போதே அந்த வசனத்தை நாலு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கடையில் அன்றைக்குக் கூட்டம். மலையனூரிலிருந்து திரும்புகிற ஜனம், கையில் எலுமிச்சம்பழமும் குங்குமமுமாக, இட்லி இட்லி என்று நிற்கிறது. நான் சட்னிக்குப் பதில் சாம்பாரை ஊற்றுகிறேன், இரண்டு கேட்டால் நாலு வைக்கிறேன். ஏழு மணி, வந்திருப்பார். எட்டு, திறந்திருப்பார். ஒன்பது மணிக்கு எனக்கு வேறொன்று தோன்றியது. பதினொரு மணிக்கு அவருக்குப் பள்ளிக்கூட ஆசிரியர்களைக் கோட்டைக்கு ஏற்றிப் போகிற டிரிப் ஒன்று இருந்தது. குடித்துவிட்டு சாவியை எடுத்தால்? இந்தத் தரம் கையை நீட்டி நிற்க வீட்டில் யாரும் இல்லையே. இட்லிக் குண்டான் அடுப்பிலேயே இருக்கிறது, பக்கத்து டீக்கடை அக்காவிடம் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு, புறப்பட்டுக்கொண்டிருந்த பஸ்ஸில் ஓடி ஏறினேன். இருபது நிமிஷமும் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது.

கதவு திறந்திருந்தது. அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே பாட்டில். மூடி திறக்கவில்லை. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, வலது கையால் இடது கைக் கயிற்றைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தார். கயிற்றுக்கு அடியில் தோல் சிவந்துவிட்டது.

"துண்டு எடுக்கும்போது கூடவே விழப் பாத்துச்சு, கீழ எறக்கி வச்சேன். அதுக்கப்புறம் தொடல," என்றார். "யாரு குடுத்தது?"

"எங்கண்ணன். சீர்ப் பையில வந்துது."

"அது ஈஸ்டருக்கு. இன்னிக்கி அங்க வச்சது யாரு?"

இல்லையென்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பார், என் வீட்டுக்காரர் அப்படிப்பட்ட ஆள். "நான்தான் வச்சேன். நீ குடிக்கணும்னுதான் வச்சேன்," என்றேன். சொல்லும்போதுகூடக் கோபமாகத்தான் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "ரெண்டு மணி நேரமா பாத்துக்கினு இருக்கேன். என்னால ஊத்த முடியாது. கையில எடுத்தா தெறந்துடுவேன், தெறந்தா அவ்ளோதான். நீ எடுத்துக்கினு போயி ஊத்திடு. சீக்கிரம்," என்றார்.

எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். அங்கே போய்த்தான் தெரிந்தது, சீல் போட்ட மூடியைத் திறக்க இரண்டு கை வேண்டும். இடது கையால் பிடித்தால் பிடி நிற்கவில்லை, மணிக்கட்டில் சுரீர் என்கிறது. முட்டிக்கு நடுவில் இடுக்கித் திருகினேன், புடவையில் வழுக்கிக்கொண்டு போனது. பக்கத்து வீட்டில் கேட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். துவைக்கிற கல்லில் போட்டு உடைக்கப் போனேன்.

"ஒடைக்காத! வெறுங்காலோட ஜனம் நடக்கற எடம்," என்று உள்ளேயிருந்தே கத்தினார்.

இந்த நியாயத்தைப் பாருங்கள்! ஊராரின் கால் மேல் இருக்கிற அக்கறை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "அப்ப நீயே வந்து தெறய்யா! ஒடச்சி வச்சிருக்கியே, இந்தக் கையால ஒரு மூடியத் திருக முடியுதா பாரு!" என்று கத்தினேன்.

அவர் வந்தார். துண்டைப் பாட்டில் மேல் சுற்றி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். "நீ திருகு. நான் பாக்கல." நான் வலது கையால் திருகினேன். சீல் உடைகிற சத்தம் கேட்டதும் அவர் உடம்பு ஒரு உலுக்கு உலுக்கியது. வாசனை குபீரென்று எழுந்தது. வெடுக்கென்று பிடுங்கி முருங்கை மரத்தடியில் கவிழ்த்தேன். கடைசிச் சொட்டு வரைக்கும் அவர் மூச்சு விடவில்லை.

"இன்னும் வலிக்குதா?" என்றார், சுவரைப் பார்த்தபடியே.

"அஞ்சு மாசமாச்சு. இப்பதான் கேக்கத் தோணுதா?"

"உன்னக் கேக்கச் சொல்லித்தான் சாமி என் பாவத்துக்கு அபராதமே குடுத்தாரு. செபமெல்லாம் குடுக்கல. வீட்டுக்குப் போ, அவகிட்ட நேரா மன்னிப்பு கேளு, அதான் உன் அபராதம்னாரு. அன்னிக்கி வந்து ஆரம்பிச்சேன். சாமி மன்னிச்சிட்டாருன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள நீ வெரட்டிட்ட. அப்புறம் எனக்கு வாய் வரல. அபராதம் முடியாம கயித்த எப்பிடி அவுக்கறது?"

எனக்கு இன்னும் முடியல என்று கொடிமரத்தடியில் சொன்னது இதைத்தானா? நான் பெருமை என்று நினைத்தது, பரிசுத்தவான் வேஷம் என்று நினைத்தது இதைத்தானா? உடனே இன்னொரு ஆத்திரமும் வந்தது. ஏன்யா, ஒரு தரம் விரட்டினால் போய்விடுவதா? வேனைக் கழுவப் போவதா? சாராயக் கடைக்காரன் விரட்டினால் மட்டும் பத்துத் தரம் போய் நிற்கத் தெரிந்ததே! அதையும் சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டினார்.

"டிரிப்புக்கு நேரமாச்சு," என்று முகம் கழுவிக்கொண்டு போனார். என்னை மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயந்தரம் நான் தொட்டிக்கு முன்னால் முட்டி போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார் மேல் எனக்கு இருந்த கோபத்தையும் சேர்த்துச் சொன்னேன். உள்ளேயிருந்து திட்டு வரும் என்று பார்த்தேன். வரவில்லை. "வீட்டுக்காரர்கிட்ட போயி மன்னிப்பு கேளுங்கம்மா. அதான் உங்க அபராதம்," என்றார். எழுந்து கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. என் விஷயத்தில் மட்டும் அது குறைச்சலாகத் தெரியவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

அவர் கொடிமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். ஈஸ்டருக்குக் கட்டின கயிறுகள் எல்லாம் வெயிலில் ஊதா போய் வெளுத்துத் தொங்கின. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்தார். "குறுக்க பேசாத," என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார். குடித்தது, சாவியைக் கேட்டபோது தள்ளினது, தள்ளினதுதானே என்று அவரும் சேர்ந்து சொன்னது, ஆஸ்பத்திரியில் என் முகத்தைப் பார்க்காமல் வெளியே நின்றது. ஒன்று விடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டார். நான் குறுக்கே பேசவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் நான் கேட்டேன். பாட்டிலைப் பலகையில் நடுவாக வைத்தேன் என்பதையும் சொன்னேன்.

"அவுரு," என்று கையை நீட்டினார்.

அறுபது நாளுக்கு மேல் வேர்வையிலும் கிரீஸிலும் ஊறின முடிச்சு. இடது கையால் பிடித்து இழுக்க வரவில்லை, பல்லால் கடித்து அவிழ்த்தேன். டீசல் வாடை. கயிறு இருந்த இடத்தில் அவர் மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு கோடு. என் தையல் கோட்டை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

"உன்னுது ரெண்டு வாரத்துல கறுத்துடும். என்னுது போவாது. நான் சாவற வரைக்கும் சொல்லிக் காட்டிக்கினேதான் இருப்பேன், தெரிஞ்சிக்கோ," என்றேன்.

"சொல்லு. நானும் கேட்டுக்கினே இருக்கேன்," என்றார்.